தட்டில் ஜெயித்த மூலிகை

'கல்லீரல் புற்றுநோய் செல்களை அழிக்கும் ............ : விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு!'

கோடிட்ட இடத்தை நிரப்புக.

மஞ்சள் என்று எழுதலாம். கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, நிலவேம்பு, சீந்தில், முருங்கை இலை, முள் சீத்தா... எதை எழுதினாலும் முழு மார்க். ஏனென்றால், இதில் ஒவ்வொன்றையும் உலகத்தின் ஏதோ ஒரு மூலையில், ஏதோ ஓர் ஆய்வுக்கூடத்தில், வெள்ளைக் கோட்டு போட்ட யாரோ சோதித்துக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். செய்தி பொய்யில்லை. சிக்கலே அதுதான். பொய் என்றால் ஒரே வரியில் மறுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். இது பாதி வழியில் இறக்கிவிடப்பட்ட உண்மை. கண்டக்டர் விசில் ஊதிவிட்டுப் போய்விடுவார். பயணி நடுரோட்டில் நிற்பார்.

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். கவிதைத் தொகுப்புக்கு, ஹோட்டல் சாம்பாருக்கு, பட்ஜெட்டுக்கு எழுதுகிறோம். ஆனால் லட்சம் பேர் படித்து, அதில் ஒரு சிலராவது தங்கள் உயிரையே எடுத்து மேஜை மேல் வைத்துவிடுகிற இந்த ஒற்றை வரிக்கு யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. இந்த வாரம் அந்த வேலை.

நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்தது வரவு, செலவு, ஐந்தொகை. ஆனால் இந்த விஷயத்துக்கு அதுவே போதும் என்று நினைக்கிறேன். இந்தச் செய்தியில் வரவு மட்டும் எழுதியிருக்கிறார்கள். செலவுப் பக்கம் காலியாக இருக்கிறது.

*

ஒட்டன்சத்திரத்திலிருந்து ஆரம்பிப்போம்.

அந்த ஊர் என்றதும் காய்கறி மார்க்கெட்தான் ஞாபகத்துக்கு வரும். கேரளத்துச் சாம்பாரில் மிதக்கிற முருங்கைக்காய்க்கும் ஒட்டன்சத்திரம் கமிஷன் மண்டிகளுக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. ஆனால் ஊரைத் தாண்டி இடையகோட்டை, மார்க்கம்பட்டி, கள்ளிமந்தயம் பக்கம் போனால், அப்படியே மூலனூர், தாராபுரம் வரைக்கும், வேறொரு வெள்ளாமையைப் பார்க்கலாம். கம்பியில் படர்ந்து, அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக நெருப்பு ஜுவாலை மாதிரிப் பூக்கிற கொடி. விவசாயிகள் சொல்லும் பெயர் கண்வலிக் கிழங்கு. கிழங்கு கலப்பை வடிவத்தில் இருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். தமிழாசிரியர் கேட்டால் 'செங்காந்தள்' என்பார். நம் மாநில மலர்.

காலை நேரத்தில் ஆட்கள் வரிசையாக நின்று, ஒவ்வொரு பூவுக்கும் கையாலேயே மகரந்தச் சேர்க்கை செய்வார்கள். பிறகு காய் முற்றி, விதை எடுத்து, காயவைத்து, வியாபாரி கைக்குப் போய், அங்கிருந்து மருந்துக் கம்பெனிகளுக்குப் போகும். பெரும்பகுதி கப்பல் ஏறும். கிலோ ஆயிரக்கணக்கில் விலை போன வருஷமும் உண்டு, விலை சரிந்து விதை மூட்டை வீட்டிலேயே தங்கிய வருஷமும் உண்டு. தக்காளியாவது நாலு நாளில் அழுகிவிடும், மனசு தேறிவிடும். இது அழுகாது. பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அந்த விதைக்குள் இருக்கிற சரக்கின் பெயர் கோல்ச்சிசின். இதே சரக்கு ஐரோப்பாவில் வளரும் இன்னொரு செடியிலும் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் 1820-லேயே அதிலிருந்து பிரித்தெடுத்துவிட்டார்கள். கால் கட்டைவிரல் வீங்கி ராத்திரி முழுக்க அலறவைக்கும் 'கவுட்' என்கிற வாத நோய்க்கு இன்றைக்கும் இது மருந்து.

இந்தக் கோல்ச்சிசின் கல்லீரல் புற்றுநோய் செல்களைக் கொல்லுமா?

கொல்லும் சார். பிரமாதமாகக் கொல்லும். ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த செல்கள் மேல் துளியூண்டு விட்டால் போதும்.

எப்படி என்றும் தெரியும். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, உள்ளே இருக்கிற குரோமோசோம்களை இரண்டு பக்கமும் சரிபாதியாக இழுத்துப் பிரிக்க வேண்டும். இழுப்பதற்கு மெல்லிய குழல் மாதிரியான நூல்கள் இருக்கின்றன. அந்த நூல்கள் ஒருவகைப் புரதத்தைச் செங்கல் செங்கலாக அடுக்கிக் கட்டியவை. கோல்ச்சிசின் போய் அந்தச் செங்கலில் ஒட்டிக்கொள்ளும். கட்டடம் எழும்பாது. பாகப்பிரிவினை பாதியில் நின்றுபோன குடும்பம் மாதிரி, செல் முன்னேயும் போக முடியாமல், பின்னேயும் வர முடியாமல் நின்று செத்துப்போகும். புற்றுநோய் செல் என்பது ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கிற செல். ஆக, செமத்தியாக மாட்டும்.

சரி, அப்படியானால் இது புற்றுநோய்க்கு மருந்தாகிவிட்டதா? இல்லை. 1930-களிலேயே கட்டிகள் மேல் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். இத்தனை வருஷம் ஆகியும் ஆகவில்லை.

காரணம், நம் உடம்பில் ஓயாமல் பிரிகிற செல் புற்றுநோய் மட்டும் இல்லை. குடலின் உள்பூச்சு பிரிகிறது. ரத்தம் தயாராகும் எலும்பு மஜ்ஜை பிரிகிறது. முடியின் வேர் பிரிகிறது. கோல்ச்சிசினுக்கு முகம் பார்த்து ஆள் பிடிக்கத் தெரியாது. கண்வலிக் கிழங்கைத் தின்றவர்களுக்கு முதலில் வாந்தி, பேதி. இரண்டொரு நாளில் ரத்த அணுக்கள் சரிந்து, சிறுநீரகம், இதயம் என்று ஒவ்வொன்றாகக் கைவிரிக்கும். பிழைத்தவர்களுக்குச் சில நாளில் தலைமுடி கொட்டும். வாதத்துக்குக் கொடுக்கிற மாத்திரை அரை மில்லிகிராம். சில பத்து மில்லிகிராம் உள்ளே போனால் ஆளே போய்விடலாம். இந்த விஷத்தை முறிக்கும் மருந்து என்று ஆஸ்பத்திரி அலமாரியில் எதுவும் கிடையாது. கிராமத்தில் இந்தக் கிழங்கின் பெயரைச் சொன்னாலே பெரியவர்கள் முகம் மாறுவது அதனால்தான். தற்கொலைக்கும் இது பயன்பட்டிருக்கிறது.

இப்போது ஒட்டன்சத்திரத்துக் கண்வலிக் கிழங்கை மேலே இருக்கிற கோடிட்ட இடத்தில் எழுதுங்கள். வாக்கியத்தில் ஓர் எழுத்துகூடப் பொய் இருக்காது. அதைப் படித்துவிட்டு ஒருவர் கிழங்கைத் தேடிப் போனால்?

இதுதான் அந்த வரியின் முதல் குற்றம். 'எதைக் கொன்றது' என்று சொல்கிறது. 'எதை விட்டுவைத்தது' என்று சொல்வதில்லை. ஆசிட் ஊற்றினாலும் செல் சாகும். பினாயில் ஊற்றினாலும் சாகும். நல்ல செல்லை விட்டுவைத்துக் கெட்ட செல்லை மட்டும் கொன்றால்தான் அது மருந்து.

*

இரண்டாவது, 'கல்லீரல் புற்றுநோய் செல்கள்' என்கிற சொற்கள். யாருடைய செல்கள்?

இந்த மாதிரிக் கட்டுரைகளில் ஏராளமானவற்றில் வருகிற பெயர் 'ஹெப்-ஜி2'. 1970-களில் அர்ஜென்டினாவைச் சேர்ந்த 15 வயதுப் பையன் ஒருவனின் கல்லீரல் கட்டியிலிருந்து எடுத்த செல்கள். அன்றிலிருந்து உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் பிரிந்து பிரிந்து வளர்ந்துகொண்டே இருக்கின்றன. தட்டில் ஒட்டிக்கொண்டு, சர்க்கரைத் தண்ணீர் குடித்துக்கொண்டு, சமர்த்தாக இருக்கும். அதனால் எல்லோருக்கும் பிடித்த செல்.

இதில் ஒரு தமாஷ். அந்தக் கட்டியின் பழைய ஆதாரங்களை மறுபடி எடுத்து ஆராய்ந்தவர்கள் 2009-ல் சொன்னார்கள்: இது பெரியவர்களுக்கு வருகிற வழக்கமான கல்லீரல் புற்றுநோயே இல்லை, பெரும்பாலும் குழந்தைகளுக்கு வருகிற 'ஹெபடோபிளாஸ்டோமா' என்கிற வேறு வகை. அதற்குள் ஆயிரக்கணக்கான கட்டுரைகள் அச்சாகிவிட்டன. அதற்குப் பிறகும் அச்சாகின்றன, அதே பழைய பெயரில்.

நம் ஊரில் கல்லீரல் புற்றுநோய் எப்படி வருகிறது? பெரும்பாலும் ஏற்கெனவே கெட்டுப்போன கல்லீரலில் வருகிறது. ஹெபடைடிஸ் பி வைரஸ், சி வைரஸ், குடி, இப்போது சர்க்கரை வியாதியும் தொப்பையும் கொண்டுவருகிற கொழுப்புக் கல்லீரல். வருஷக்கணக்கில் காயம்பட்டு, தழும்பேறி, சுருங்கிப்போன கல்லீரலில் கட்டி முளைக்கிறது. அந்த மனிதருக்கு வயிற்றில் நீர் கோத்திருக்கும். காலில் வீக்கம் இருக்கும். சாதாரண மருந்தைத் தாங்கவே அவர் கல்லீரலுக்குத் தெம்பு இருக்காது. தட்டில் இருக்கிற செல்லுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அதற்கு வயிறும் இல்லை, வீக்கமும் இல்லை, கடனும் இல்லை.

மூன்றாவது, அளவு. தட்டில் மருந்தை நேரடியாகச் செல்லின் தலையில் ஊற்றுகிறார்கள். ஒரு நாள், இரண்டு நாள் அப்படியே ஊறவைக்கிறார்கள். நாம் வாயால் சாப்பிடுகிறோம். குடல் உறிஞ்ச வேண்டும். உறிஞ்சியதெல்லாம் முதலில் போய்ச் சேருவது எங்கே? கல்லீரலுக்குத்தான். அந்தக் கல்லீரலின் உத்தியோகமே இப்படி வருகிற அந்நியச் சரக்கைப் பிரித்துப்போட்டு வெளியே அனுப்புவது. சோதனைச் சாவடியில் உட்கார்ந்திருக்கிறவரையே பிடிக்கப் போகிற லாரி, அதே சோதனைச் சாவடி வழியாகத்தான் போக வேண்டும்.

மஞ்சளை எடுத்துக்கொள்வோம். அதில் இருக்கிற குர்க்குமின் தட்டில் ஹீரோ. தைவானில் 2001-ல் வெளியான ஒரு பரிசோதனையில் ஆட்களுக்குத் தினமும் 8 கிராம் வரை சுத்தமான குர்க்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் தென்பட்டது மிகச் சொற்பம். தட்டில் வழக்கமாக ஊற்றுகிற அளவுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. மஞ்சள்தூளில் நூற்றுக்கு மூன்று பங்கு குர்க்குமின் என்று கணக்கு வைத்துக்கொண்டால், 8 கிராமுக்குச் சுமார் கால் கிலோவுக்கும் மேலே மஞ்சள்தூள். தினமும். எந்த மாமியாரும் அவ்வளவு போட மாட்டார்.

மிளகு சேர்த்தால்? சேரும். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998-ல் காட்டினார்கள், மிளகின் காரச் சத்தைக் கூடவே கொடுத்தால் குர்க்குமின் ரத்தத்தில் சேருவது 20 மடங்கு கூடுகிறது என்று. உடனே கம்பெனிகள் மஞ்சளையும் மிளகையும் சேர்த்துக் கேப்ஸ்யூல் போட்டன. கதையின் மறுபக்கம் 2022-ல் வந்தது. அமெரிக்காவில் மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி அறிக்கை வெளியிட்டார்கள். அதில் ஒருவர் இறந்துபோனார். சோதித்த மாத்திரைகள் சிலவற்றில் மிளகுச் சத்தும் இருந்தது. சமையல் மஞ்சளைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் உடம்பு வேண்டாம் என்று தள்ளுவதை மல்லுக்கட்டி உள்ளே அனுப்பினால், அது நல்லதை மட்டும்தான் செய்யும் என்று யார் உத்தரவாதம் கொடுத்தது?

*

இப்போது நான் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பேச வேண்டிய இடம். ஏனென்றால், தட்டோடு நிற்காமல் மனிதர்களிடமே சோதித்த ஒரு தமிழ்நாட்டுக் கதை இருக்கிறது. கீழாநெல்லிக் கதை.

1988. சென்னையில் பேராசிரியர் எஸ்.பி.தியாகராஜன் (பிற்பாடு சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர்) தலைமையிலான குழு, ஹெபடைடிஸ் பி வைரஸை ரத்தத்தில் சுமந்துகொண்டிருந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்தது. இன்னொரு பிரிவினருக்கு வெறும் டம்மி மருந்து. கூட்டாளி யார் தெரியுமா? அந்த வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு வாங்கிய அமெரிக்கர் பாரூக் பிளம்பெர்க். முடிவு, லண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செட்' பத்திரிகையில் வந்தது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்திருந்தது. டம்மி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும்.

பிரமிப்பான முடிவு. அந்த வைரஸ்தான் கல்லீரல் புற்றுநோய்க்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. நம் வீட்டுக் கொல்லையில் முளைக்கிற செடி அதை விரட்டுகிறது என்றால் யாருக்குத்தான் புல்லரிக்காது? ஆராய்ச்சியாளர்கள் நேர்மையாகவே 'இது முதற்கட்ட ஆய்வு' என்று எழுதியிருந்தார்கள்.

அதன் பிறகு? தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள். 1990-ல் அதே லான்செட்டில் முடிவு வந்தது: பலன் இல்லை. நியூசிலாந்தில் செய்தார்கள். 1994-ல் வந்தது: பலன் இல்லை. 2011-ல் அதுவரை நடந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்த காக்ரேன் குழுவினரும், டம்மியைவிட மேல் என்று நம்பும்படியான ஆதாரம் இல்லை என்றே சொன்னார்கள். செடியின் ரகம் வேறு, மண் வேறு, பறித்த பருவம் வேறு என்று விளக்கங்கள் சொல்லப்பட்டன. இருக்கலாம். ஆனால் ஊர் மாறினால் வேலை செய்யாத மருந்தை டாக்டர் எந்த நம்பிக்கையில் எழுதிக் கொடுப்பார்?

இதில் சென்னைக் குழுவைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. டம்மி மருந்து வைத்து, எண்ணிக்கை சொல்லி, உலகத்தின் முன்னால் வைத்தார்கள். மற்றவர்கள் செய்து பார்த்தார்கள், கிடைக்கவில்லை. விஞ்ஞானம் இப்படித்தான் நடக்க வேண்டும். என் புகார் எங்கள் தொழில்மீது. தமிழில் கீழாநெல்லி பற்றி எழுதுகிறவர்களுக்கு 1988 மனப்பாடம். 1990 யாருக்கும் தெரியாது. முதல் இன்னிங்ஸ் ஸ்கோரை மட்டும் சொல்லி மேட்ச் ஜெயித்துவிட்டோம் என்கிறோம்.

வேடிக்கை பாருங்கள். அதே 1988-ல் நம் ஒட்டன்சத்திரத்துச் சரக்கான கோல்ச்சிசினுக்கும் ஒரு பொற்காலம் வந்தது. மெக்சிகோவில் கல்லீரல் சுருங்கிய 100 நோயாளிகளிடம் வருஷக்கணக்கில் சோதித்து, ஐந்து வருஷம் உயிரோடு இருந்தவர்கள் கோல்ச்சிசின் பிரிவில் 75 சதவிகிதம், டம்மி பிரிவில் 34 சதவிகிதம் என்று அறிவித்தார்கள். உலகத்தின் பெரிய மருத்துவப் பத்திரிகையில் வந்தது. பிறகு அமெரிக்காவின் முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரிகளில், குடியால் கல்லீரல் கெட்ட 549 பேரிடம் சோதித்தார்கள். 2005-ல் முடிவு: கோல்ச்சிசின் உயிரைக் காப்பாற்றவில்லை. மூலிகை, ஆங்கில மருந்து என்ற பேதமெல்லாம் இல்லை. இரண்டுக்கும் ஒரே பரீட்சை, ஒரே மார்க் ஷீட்.

*

"அப்படியானால் செடியில் ஒன்றுமே இல்லை என்கிறாயா?" என்று கோபப்படுகிறவர்களுக்கு நித்தியகல்யாணியைக் காட்டுகிறேன். அதில் சர்க்கரை வியாதிக்கு மருந்து இருக்கிறதா என்று கனடாவில் தேடினார்கள். சர்க்கரை குறையவில்லை. சோதனை எலிகளின் வெள்ளை அணுக்கள் மடமடவென்று குறைந்தன. 'அட, வெள்ளை அணு பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்?' என்று ஒருவருக்கு உறைத்தது. 1958-ல் வின்பிளாஸ்டின் வந்தது. தொடர்ந்து வின்கிறிஸ்டின். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்றால் அதில் இந்தச் சுடுகாட்டுப் பூவுக்கும் பங்கு உண்டு. இதுவும் கோல்ச்சிசின் கைவைக்கிற அதே செங்கலில்தான் கைவைக்கிறது. ஆனால் எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த வழியாக என்று மனிதர்களிடம் அளந்து அளந்து கண்டுபிடித்தார்கள். டன் கணக்கில் இலையைப் பிழிந்து கிராம் கணக்கில் எடுக்கிற மருந்து. இலையைக் கஷாயம் வைத்தால் புற்றுநோய் போகாது, ஆபத்துதான் வரும்.

கல்லீரல் புற்றுநோய்க்கே ஓர் உதாரணம் இருக்கிறது. எபிமீடியம் என்ற செடியிலிருந்து வருகிற இகாரிட்டின் என்ற மருந்துக்குச் சீனா 2022-ல் நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது. தட்டு, எலி, பிறகு நோயாளிகள் என்று படிப்படியாக ஏறி வந்த மருந்து அது. நாம் முதல் படியில் ஏறியவருக்கே மாலை போட்டு ஊர்வலம் விடுகிறோம்.

பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் ஒட்டன்சத்திரம் வழியாகத்தான் நடக்கிறார்கள். அவர்கள் கும்பிடப் போகிற முருகன், ஒன்பது பாஷாணங்களைப் போகர் கட்டிச் செய்த சிலை என்பது நம்பிக்கை. விஷத்தைக் 'கட்டத் தெரிந்தவன்' கையில்தான் அது மருந்து என்பது அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. நம் செய்தியாளர்கள் கட்டுகிற வேலையை விட்டுவிட்டுப் பாஷாணத்தை மட்டும் விநியோகிக்கிறார்கள்.

*

ஜனங்கள் ஏன் இந்த வரியை நம்புகிறார்கள்? முட்டாள்கள் என்பதாலா? இல்லை. நம் கணக்குப் பாடத்துக்கு வருவோம்.

கல்லீரல் புற்றுநோய் முற்றிய நிலைக்கு முதன்முதலில் பலன் நிரூபித்த மாத்திரை சோராஃபெனிப். 2007-ல் அனுமதி. இந்தியாவில் அப்போது அதன் விலை ஒரு மாதத்துக்குச் சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாயாக இருந்தது. அது நோயைக் குணமாக்கவில்லை. ஆயுளை நடுத்தரக் கணக்கில் மூன்று மாதம் போலக் கூட்டியது. மூன்று மாதத்துக்காக நிலத்தை விற்பதா? அந்த வீட்டில் யாராவது 'பக்கத்து ஊரில் ஒரு வைத்தியர் பச்சிலை கொடுக்கிறாராம்' என்று சொன்னால் காது அந்தப் பக்கம் திரும்பாதா?

2012 மார்ச்சில் இந்திய அரசின் காப்புரிமை அதிகாரி, ஹைதராபாத் நாட்கோ கம்பெனி அதே மருந்தைத் தயாரிக்கக் கட்டாய உரிமம் கொடுத்தார். நாட்டின் முதல் கட்டாய உரிமம். மாத விலை 8,880 ரூபாய். காப்புரிமைக்காரரான பேயர் கம்பெனி, அப்போது சென்னையில் இயங்கிய மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போனது. 2013-ல் வாரியமும் உரிமம் செல்லும் என்றது. சுப்ரீம் கோர்ட்டும் தலையிட மறுத்துவிட்டது. அதன் பிறகு இன்னும் மேலான மருந்துகள் வந்துவிட்டன. அவற்றுக்கும் விலை இருக்கிறது, அதே தலைவலியும் இருக்கிறது. கல்லீரல் நோயாளிக்கு நல்லது செய்ய நினைக்கிற பத்திரிகைக்காரருக்கு எழுத விஷயமா இல்லை? அந்த 8,880-ஐப் பற்றி எழுதலாமே!

பச்சிலைக்குப் போவதால் என்ன நஷ்டம், பலன் இல்லாவிட்டால் போகிறது என்பார்கள். இரண்டு நஷ்டம். ஒன்று, கல்லீரலுக்கே. மும்பை டாக்டர்கள் 2021-ல் சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி எழுதினார்கள். 2022-ல் நாட்டின் பல ஆஸ்பத்திரிகளிலிருந்து 43 பேரின் விவரம் வந்தது. ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது, சீந்திலைப் போலவே இருக்கும் வேறு கொடியாக இருக்கலாம் என்றது. அதுவே எவ்வளவு பெரிய வாக்குமூலம்! பாக்கெட்டுக்குள் எந்தக் கொடி இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது என்றுதானே அர்த்தம்?

இரண்டாவது நஷ்டம், நாள். மஞ்சள்காமாலை என்பது நோய் அல்ல, அறிகுறி. அசுத்தத் தண்ணீரால் வருகிற காமாலை பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே இறங்கிவிடும். அதற்கு முன் கீழாநெல்லி குடித்திருந்தால் பேர் கீழாநெல்லிக்கு. ஆனால் அதே மஞ்சள் நிறம் பித்தக்குழாய் அடைப்பாலும் வரலாம், கட்டியாலும் வரலாம். அந்த ஆளும் 'காமாலைதானே' என்று மோரில் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தால், அறுவை சிகிச்சைக்கு வழி இருந்த கட்டி, வழி இல்லாத கட்டியாகிவிடும். கல்லீரல் புற்றுநோயில் நாள்தான் மூலதனம். அதைத் தொலைத்தால் எந்த பேங்கும் கடன் தராது.

*

நல்ல விமர்சனம் என்றால் திருத்தமும் சொல்ல வேண்டும். அந்த வரியை இப்படி எழுதலாம்:

'தட்டில் வளர்த்த கட்டி செல்களை இந்த இலையின் சாறு கொன்றது. நல்ல செல்களை விட்டுவைக்குமா என்பதும், மனிதர்களிடம் வேலை செய்யுமா என்பதும் இனிமேல்தான் பார்க்க வேண்டும்.'

பேப்பர் விற்காது என்று சர்க்குலேஷன் மேனேஜர் சொல்வார். விற்கக்கூடிய ஒரு தலைப்பு என்னிடம் இருக்கிறது: 'கல்லீரல் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி!'

இது தட்டுச் சமாச்சாரம் இல்லை. தைவான் 1984-லேயே பிறந்த குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட ஆரம்பித்தது. 1997-ல் கணக்குப் பார்த்தார்கள். பிள்ளைகளுக்கு வரும் கல்லீரல் புற்றுநோய் பாதியாகக் குறைந்திருந்தது. கொன்ற செல்லை எண்ணவில்லை, வராத நோயாளியை எண்ணினார்கள். அதே வருஷம் ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் இந்தத் தடுப்பூசியை உள்நாட்டிலேயே தயாரித்து விலையை இறக்கியது. 2011-லிருந்து நாடு முழுக்க அரசுத் திட்டத்தில் குழந்தைகளுக்கு இலவசம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி.

ஊசி வருவதற்கு முன்னால் பிறந்த நமக்கு? உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி இந்தியாவில் சுமார் 3 கோடி பேர் இந்த வைரஸைச் சுமந்துகொண்டிருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு அது தெரியாது. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இருந்தால் அடக்கிவைக்க மாத்திரை இருக்கிறது. 2018-ல் ஆரம்பித்த தேசியத் திட்டத்தில் அதுவும் இலவசம். கல்லீரல் சுருங்கியவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்த்துக்கொண்டால், கட்டியைச் சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிடலாம்.

அடுத்த முறை அந்த வரி கண்ணில் பட்டால் மூன்றே கேள்வி கேளுங்கள். தட்டிலா, எலியிலா, மனிதரிடமா? எவ்வளவு கொடுத்தார்கள், அவ்வளவு உடம்புக்குள் போய்ச் சேருமா? வேறு யாராவது செய்து பார்த்தார்களா? மூன்றுக்கும் செய்தியிலேயே பதில் இருந்தால் மட்டும் டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போங்கள். இல்லையென்றால் அடுத்த பக்கத்தில் ராசிபலன் இருக்கும், அதைப் படியுங்கள். அதனால் கல்லீரலுக்கு ஒன்றும் ஆகாது.

இந்த விஷயத்தில் எங்களைவிடத் தெளிவாக இருப்பவர்கள் கள்ளிமந்தயம் பக்கத்து விவசாயிகள். தாங்கள் விளைவிப்பது உலக மார்க்கெட்டுக்குப் போகிற மருந்துச் சரக்கு என்று அவர்களுக்குத் தெரியும். அது விஷம் என்பதும் தெரியும். மருந்தாக்குகிற வேலை வேறு இடத்தில், வேறு ஆட்கள், தராசு வைத்துச் செய்ய வேண்டியது என்றும் தெரியும். காட்டில் கண்வலிக் கிழங்கு நிற்கிறது என்பதற்காக அவர்கள் யாரும் அதைப் போட்டு ரசம் வைப்பதில்லை.